இரண்டு புரொசெசரும் ஒரு விஜேந்திரனும்

உலகத்தில் வாங்குகிறவர்கள் உண்டு, விற்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராமல், இருவருக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வாங்குகிறவரை வாங்கவிடாமலும் விற்கிறவரை விற்கவிடாமலும் பார்த்துக்கொள்ளும் மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. இவர்களுக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. கடைக்காரர் கமிஷன் கொடுப்பதில்லை. யாராவது நன்றி சொன்னதாகவும் தகவல் இல்லை. ஆனாலும் மழை, வெயில் பாராமல் செய்கிறார்கள், ஆசைக்காகவே செய்கிறார்கள். இந்த இனத்துக்கு ஒப்பீட்டாளர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

நீங்கள் இவரைப் பார்த்திருப்பீர்கள். கம்பியூட்டர் கடைக்குள் நுழைந்ததும் இவர் கம்பியூட்டரைப் பார்க்கமாட்டார். அதன் மூலையில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைத்தான் பார்ப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்த ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவி, 'ம்' என்பார். அந்த 'ம்' இருக்கிறதே, அதிலேயே பாதி வியாபாரம் கெட்டுவிடும். பிறகு விசாரணை தொடங்கும். இது எத்தனையாவது தலைமுறை? கடைக்காரர் சொல்வார். கோர் எத்தனை? அதையும் சொல்வார். அதில் பெரிய கோர் எத்தனை, சின்னக் கோர் எத்தனை? கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கடைக்காரர் தோற்றுவிட்டார் என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

புரொசெசர் என்பது கம்பியூட்டரின் மூளை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். கோர் என்றால் அந்த மூளைக்குள் இருந்து வேலை செய்யும் ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதற்குமேல் தெரியாது. நான் பதுளை பஜாரில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவன். தாள் சிக்கினால் இழுப்பேன், தூள் தீர்ந்தால் போடுவேன். பக்கத்துக் கடை ஸாஹிர் நானாவின் கம்பியூட்டர் கடை. நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர். அதனால்தான் இவ்வளவும் எனக்குத் தெரியும்.

ஒப்பீட்டாளர் எல்லா ஊரிலும் முளைப்பார். ஆனால் எங்கள் மண்ணில் அவர் கொழுத்து வளர்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து யாரும் பெரிய சாமான் வாங்கத் தனியாக டவுனுக்கு இறங்குவதில்லை. டீவி ஆகட்டும், பிரிஜ் ஆகட்டும், தையல் மெஷின் ஆகட்டும், பெண் பார்க்கப் போகிற மாதிரி ஒரு கூட்டமாகத்தான் போவது. அந்தக் கூட்டத்தில் 'விஷயம் தெரிஞ்ச ஆள்' ஒருவர் இருந்தே தீரவேண்டும். அவருக்கு பஸ்ஸில் ஜன்னலோர சீட், பகலுக்குப் புரியாணி, திரும்பும்போது சுடச்சுட பிளேன்டி. அவர் தலையை ஆட்டினால் வாங்குவது, ஆட்டாவிட்டால் வெறுங்கையோடு மலை ஏறுவது. கூட்டிப்போன ஆளின் பேச்சை மீறி வாங்குவதும் தாய்மாமனை வரவழைத்து வைத்துவிட்டு அவரைக் கேட்காமல் தாலி கட்டுவதும் ஒன்று. செய்யலாம். ஆனால் அதற்குப் பிறகு லயத்து வரிசை வீடுகளில் நிம்மதியாக இருக்க முடியாது.

எங்கள் ஒப்பீட்டாளரின் பெயர் விஜேந்திரன். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் பிறந்து, படித்து, பட்டம் வாங்கி, இப்போது பதுளையில் ஒரு காரியாலயத்தில் உத்தியோகம் பார்க்கிறார். எந்தக் காரியாலயம் என்று சொல்லமாட்டேன், அவர்கள் பாவம். தோட்டத்தில் முதன்முதலாகக் கம்பியூட்டர் படித்தவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. அந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு மனிதர் இத்தனை வருஷமாகப் புரியாணி சாப்பிடுகிறார்.

அவர் வீட்டுக் கம்பியூட்டரை நான் பார்த்திருக்கிறேன். சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்து, தலை துவட்டி, சாமி கும்பிட்டுவிட்டு வந்தால் திரையில் வெளிச்சம் வந்திருக்கும். அதை மாற்றவேண்டும் என்று அவரும் ஒப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார், இன்னும் முடிவாகவில்லை. பஸ்ஸும் அப்படித்தான். ஸ்டாண்டில் அரசாங்கத்தின் சிடிபி பஸ் ஒன்றும் பிரைவேட் பஸ் ஒன்றும் நின்றால், எந்த டயர் தேய்ந்திருக்கிறது, எந்த டிரைவர் வளைவில் பிரேக் பிடிப்பான், எந்தக் கொண்டக்டர் ஆள் ஏற்ற நிறுத்துவான் என்று அலசி முடிப்பதற்குள் இரண்டு பஸ்ஸும் போய்விடும். கலியாணம்? பசறையிலிருந்து ஒரு சம்பந்தமும் ஹாலிஎலயிலிருந்து ஒரு சம்பந்தமும் ஒரே சமயத்தில் வந்தன. ஆற அமர யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் அந்த இரண்டு பெண்களுக்கும் வேறு இடத்தில் கலியாணமாகி, பிள்ளைகள் இப்போது ஸ்கூல் வேனில் போகின்றன.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் இராக்கம்மா அக்கா வந்து மாட்டினார்.

இராக்கம்மா அக்கா ஸ்பிரிங்வெளியில் கொழுந்து பறிப்பவர். விஜேந்திரனுக்கு ஒன்றுவிட்ட அக்கா. மகள் சுதர்ஷினி, ஏ.எல். பரீட்சை முடித்தவள், தமிழும் சிங்களமும் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவாள். கொழும்பில் ஒரு கூரியர் கம்பனி, சாமான் வந்து சேரவில்லை என்று சண்டை பிடிக்கிறவர்களுக்கு போனில் பதில் சொல்ல ஆள் தேடியது. வீட்டிலிருந்தே வேலை. சொந்தமாக ஒரு கம்பியூட்டர் இருக்கவேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. சுதர்ஷினி விண்ணப்பித்தாள், முதல் சுற்றில் தேறினாள். அடுத்தது நேர்முகம், கெமராவுக்கு முன்னால் உட்கார்ந்து பேசவேண்டும்.

இது கிடைக்காவிட்டால் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடை. விடிந்ததிலிருந்து அடையும்வரை நின்றுகொண்டு சேலை விரிப்பது, விரித்ததை மடிப்பது, ஒரு அறைக்குள் பாய்க்குப் பாய் ஒட்டிப் படுப்பது. அவளுக்கு முன்னால் அதே லயத்திலிருந்து போன பெண்கள் காலில் நரம்பு முடிச்சுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். போகமாட்டேன் என்று அவள் அழுதாள், அனுப்ப மனமில்லை என்று தாயும் அழுதார். ஆனால் சும்மா இருக்கவும் வழியில்லை. மாத முடிவில் கடையின் ஆள் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடாகிவிட்டது. அதற்குள் இந்த வேலை கிடைக்கவேண்டும், அதற்கு ஒரு லெப்டொப் வேண்டும். கதையில் இருக்கும் சங்கதி இவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஸாஹிர் நானாவின் கடைக்கு வந்தார்கள். நானா இரண்டு லெப்டொப்பை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. வெள்ளைக்குள் ஒரு கம்பனியின் புரொசெசர், கறுப்புக்குள் அதன் பரம எதிரிக் கம்பனியின் புரொசெசர். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். கம்பனிகளின் பெயரை நான் சொல்லப்போவதில்லை, ஏன் என்று கடைசியில் விளங்கும்.

"பேசுற வேலதானே தங்கச்சி," என்றார் நானா. "கெமரா ஈக்கி, மைக் ஈக்கி. ரெண்டுல எத எடுத்தாலும் போதும்."

போதும். அந்தச் சொல்லைக் கேட்டதும் விஜேந்திரனின் முகம் சுருங்கிவிட்டது. ஒப்பீட்டாளர் இனத்துக்குத் தமிழிலேயே பிடிக்காத சொல் அது ஒன்றுதான்.

"போதும்னு சொல்லாதீங்க நானா. ஒங்களுக்கு வித்தாச் சரி. ரெண்டும் ஒண்ணாயிருமா?"

"ரெண்டும் ஒண்டில்ல. ஆனா இந்தப் புள்ளைட வேலைக்கி ரெண்டும் ஒண்டுதான்."

விஜேந்திரன் போனை எடுத்தார். அதில் ஒரு படம். நீலக் கோடுகள், சிவப்புக் கோடுகள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று நீளமும் கட்டையுமாக. இராக்கம்மா அக்கா மரியாதையோடு எட்டிப் பார்த்தார்.

"எது நல்லது தம்பி?"

"அப்பிடி ஒரே வார்த்தையில சொல்ல முடியாதுக்கா. ஒத்தக் கோர்ல வெள்ளை முன்னுக்கு. எல்லாக் கோரையும் சேத்துப் பாத்தா கறுப்பு முன்னுக்கு."

"அப்ப எத வாங்க?"

"அவசரப்படாதீங்க."

"மாமா," என்றாள் சுதர்ஷினி, "சாமான் வரலன்னு திட்டுறவங்களுக்குப் பதில் சொல்றதுக்கு எதுக்கு மாமா எட்டுக் கோரு?"

"திட்டுறவங்க கூடிட்டா?" என்றார் விஜேந்திரன்.

சிரிக்காமல் கேட்டார். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான்தான் சிரித்தேன், அதுவும் வாயைப் பொத்திக்கொண்டு. மூவரும் புரியாணி சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினார்கள்.

அடுத்த ஞாயிறு வந்தார்கள். அடுத்த மாதம் புதுத் தலைமுறை வருகிறதாம், இப்போது வாங்குவது முட்டாள்தனமாம். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார்கள். யூடியூப்பில் சென்னைக்காரர் ஒருவர் வெள்ளை என்கிறாராம், கொழும்புக்காரர் ஒருவர் கறுப்பு என்கிறாராம், இருவரில் யார் நேர்மையானவர் என்று முதலில் ஒப்பிடவேண்டுமாம். சுதர்ஷினி கண்ணாடி மேசையில் விரலால் கோடு போட்டுக்கொண்டு நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண்ணின் பிழைப்பு மாத முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது, இந்த மனிதர் நாற்காலியைத் தள்ளி இன்னும் வசதியாக உட்காருகிறார். உள்ளே போய் அந்த நாற்காலியை இழுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் எனக்கு ஒருவர் தேசிய அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்துவிட்டார்.

கடைசியில் விஜேந்திரன் ஒரு முடிவுக்கு வந்தார். வாங்குவது என்ற முடிவு அல்ல. சோதிப்பது என்ற முடிவு.

"பேப்பர்ல உள்ளதெல்லாம் நம்ப முடியாது நானா. பாவிக்கிற எடத்துல வச்சுப் பாக்கணும். ஒண்ண நான் தோட்டத்துக்குக் கொண்டு போறேன்."

ஸாஹிர் நானாவின் வாப்பா காலத்திலிருந்து இராக்கம்மா அக்கா வீட்டார் அந்தக் கடையில்தான் வாங்குகிறார்கள், அப்போது அது துணிக்கடை. அந்த நம்பிக்கையில் நானா வெள்ளையைத் தூக்கிக் கொடுத்தார். இரண்டையும் கொடுக்க மனம் வரவில்லை. கறுப்பு கடையிலேயே இருந்தது.

பெஞ்ச்மார்க் என்று ஒரு சங்கதி இருக்கிறது. கம்பியூட்டருக்கு யாருக்கும் உதவாத ஒரு பெரிய கணக்கைக் கொடுத்து, மூச்சு வாங்க வாங்கச் செய்யவைத்து, முடிந்ததும் அதற்கு ஒரு மார்க் போடுவது. விஜேந்திரன் வெள்ளையை ஸ்பிரிங்வெளிக்குக் கொண்டுபோனார். மாலையில் லயத்தில் எல்லோரும் ரைஸ் குக்கர் போடுவார்கள், கரண்ட் இறங்கிவிடும் என்பதால் விடியற்காலையில் சோதனை. நமுனுக்குல மலை கண்ணுக்கே தெரியாத மூடுபனி. தகரத்து இடுக்கால் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. காதை மூடும் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, ஜன்னல் கட்டையில் லெப்டொப்பை வைத்து ஓடவிட்டார். பிறகு பஸ் பிடித்து இறங்கி வந்து, பட்டப்பகலில் ஸாஹிர் நானாவின் கண்ணாடி அலுமாரிக்குள், சிவப்பு வெல்வெட் துணியின் மேல், தலைக்குமேல் இரண்டு பல்பு எரிய, வெயில் நேராக விழுகிற இடத்தில் இருந்த கறுப்பை ஓடவிட்டார்.

வெள்ளை வென்றது. சும்மா அல்ல, பதினெட்டு சதவீதம்.

"அப்ப வெள்ளைய வாங்கிருவோமா தம்பி?" என்றார் இராக்கம்மா அக்கா.

"ஒரு தடவ செஞ்சா அது சோதனையாக்கா? மாத்திச் செய்யணும்."

மாற்றிச் செய்தார். கறுப்பு மலையேறியது, வெள்ளை அலுமாரிக்குள் போனது. இம்முறை கறுப்பு வென்றது. அதே பதினெட்டு சதவீதம்.

நீங்கள் புத்திசாலி, உங்களுக்கு விஷயம் பிடிபட்டிருக்கும். சூடேறினால் புரொசெசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெயிலில் பசறை ஏற்றம் ஏறுகிற யாரும் செய்வதுதான் அது. ஸாஹிர் நானாவுக்கும் பிடிபட்டுவிட்டது.

"மேலுக்குப் போறது ஜெயிக்கிது, கீழ ஈக்கிறது தோக்குது. இது குளிர் விஜி. மெஷின் இல்ல."

"அது ஒரு காரணி நானா. ஒரு காரணி மட்டுந்தான்." விஜேந்திரனின் கண்கள் பளபளத்தன. "அமெரிக்காக்காரன் ஏசி ரூமுல வச்சுச் செய்றான். கொழும்புக்காரன் பேனுக்குக் கீழ வச்சுச் செய்றான். நம்ம மூடுபனியில வச்சு எவனாச்சும் ஒப்பிட்டிருக்கானா? இல்ல. நாமதான் மொதல்ல."

தான் கெட்டிக்காரத்தனமாகச் செய்த பிழையை ஒருவர் கண்டுபிடிப்பு என்று கொண்டாடுவதை அன்றுதான் நான் பார்த்தேன். சுதர்ஷினி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, வெள்ளை நல்லதுன்னீங்க. கறுப்பு நல்லதுன்னீங்க. ரெண்டும் நல்லதுதானே. ஒண்ண வாங்கித் தாங்க மாமா."

"ஒனக்காகத்தானே புள்ள நான் இவ்வளவு கஷ்டப்படுறேன்," என்றார் அவர். மனதார நொந்துபோய்ச் சொன்னார். அதுதான் இதில் வேதனை. இந்த இனத்தில் கெட்டவர்கள் கிடையாது.

அந்த வாரமே கம்பனியிலிருந்து தகவல் வந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேர்முகம். வெள்ளவத்தைக்காரர் வருவது மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஸாஹிர் நானா பொறுமை இழந்து இரண்டு லெப்டொப்பையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தார். "ரெண்டையும் கொண்டு போங்க. புடிச்சத வெச்சிக்கிட்டு மத்தத செவ்வாக்கெழம தாங்க. எனக்கு இந்த நாக்காலி வேணும்," என்றார்.

இனி நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. சுதர்ஷினி ஒரு மாதிரி சொன்னாள், விஜேந்திரன் ஒரு மாதிரி சொன்னார். இரண்டையும் நன்றாக ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை விடியும்போதே விஜேந்திரன் கம்பளித் தொப்பியோடு வந்துவிட்டார். லயத்து முன்னறையில் மேசையின் ஒரு முனையில் வெள்ளை, மறுமுனையில் கறுப்பு. ஒரே அறை, ஒரே குளிர், ஒரே பிளக். இறுதிச் சோதனை. நீண்ட சோதனை, பத்து மணிக்குத்தான் முடியும். இரண்டையும் ஓடவிட்டுவிட்டுச் சொன்னார், "முடியிற வரைக்கும் ரெண்டையும் யாரும் தொடக்கூடாது."

"மாமா, ஒம்பதுக்கு எனக்கு நேர்முகம்."

"அவங்களுக்கு போன் பண்ணி பத்தரைக்கு வைக்கச் சொல்லு. இந்த மாதிரி பனி இனிக் கெடைக்காது."

இதைச் சொல்லிவிட்டு, பனி எதுவரை இறங்கியிருக்கிறது என்று பார்க்க மேல் ரோட்டுக்கு ஏறிப்போனார். போனில் குளிரளவு பார்க்க அங்கேதான் சிக்னல் நன்றாக இருக்குமாம்.

கொழும்புக் கம்பனி லயத்துப் பிள்ளைக்காக நேரத்தை மாற்றாது என்று சுதர்ஷினிக்குத் தெரியும். தாயின் முகத்தைப் பார்த்தாள். இராக்கம்மா அக்கா காலைப் பெரட்டுக்குக் கிளம்பி நின்றார், வேலைக்கு ஆள் கூடுகிற நேரம். மகளைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், மேல் ரோட்டைப் பார்த்தார். கூட்டிவந்த ஆளை மீறி ஒரு காரியம் அவர் வாழ்நாளில் செய்ததில்லை.

"அவரு மொகத்துக்கு எதிர என்னால ஒண்ணும் சொல்ல முடியாது புள்ள," என்றார். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டார். "நான் பெரட்டுக்குப் போறேன். இங்க என்ன நடந்துச்சுன்னு நான் பாக்கல."

போய்விட்டார். திரும்பியே பார்க்கவில்லை.

ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் சுதர்ஷினி வெள்ளை லெப்டொப்பில் ஓடிக்கொண்டிருந்த சோதனையை நிறுத்தினாள். ஏன் வெள்ளை? அது வாசல் பக்கம் இருந்தது, போனிலிருந்து இணையம் கிடைப்பது வாசல் பக்கம்தான். வேறு காரணம் ஒன்றும் இல்லை. ஹெட்செட்டை மாட்டினாள். திரையில் பஹ்மா என்ற ஒரு அதிகாரி வந்தார், முக்காடு போட்ட, கண்டிப்பான முகம். பெயர், ஊர், படிப்பு எல்லாம் முடிந்தது.

"சரி சுதர்ஷினி. இப்ப ஒரு கஸ்டமர் கடும் கோவத்தில இருக்கிறார் எண்டு வையுங்க. நீங்க எப்படிப் பேசுவீங்க எண்டு பாக்கணும். நான் கஸ்டமர். தொடங்குவமா?"

பஹ்மா வாயைத் திறக்குமுன் விஜேந்திரன் உள்ளே வந்தார்.

"என்ன செஞ்ச நீ? எண்பத்தெட்டு சதவீதம் முடிஞ்சிருக்கும். எண்பத்தெட்டுல நிப்பாட்டிட்டியா? விடியக்காலத்துலருந்து நான் குளிருல நிக்கிறேன், ஒரு வார்த்த கேட்டியா? யாரக் கேட்டுத் தொட்ட நீ?"

சுதர்ஷினி திரையை ஒருமுறை, மாமாவை ஒருமுறை பார்த்தாள். எல்லாம் போச்சு, நாளைக்கு வெள்ளவத்தை என்று அந்த நிமிஷத்தில் நினைத்ததாகச் சொன்னாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. பஹ்மா திரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது, பல நாளாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்த பேச்சு அவள் வாயில் தானாக வந்துவிட்டது.

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு முதல்ல மன்னிப்புக் கேட்டுக்கிறேன் சேர்," என்றாள் மாமாவைப் பார்த்து. "விடியக்காலத்துலருந்து காத்துக்கிட்டு இருந்தீங்க. அது பாதியில நின்னா எவ்வளவு வருத்தமா இருக்கும்னு எனக்கு விளங்குது."

விஜேந்திரன் திகைத்துப்போனார். அவருடைய வருத்தம் விளங்குகிறது என்று அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

"பனி சரியா இருந்துச்சு," என்றார், குரல் இறங்கி.

"ஆமா சேர். உங்க முறைப்பாட்டப் பதிவு செஞ்சுக்கிறேன். கறுப்பு இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, அத யாரும் தொடமாட்டோம். வெள்ளைய நாளைக்கி விடியக்காலம் மறுபடி ஆரம்பிச்சு, முடிஞ்ச ஒடனே நானே உங்களுக்கு அறிவிக்கிறேன். அதுவரைக்கும் கொஞ்சம் வெளியில உக்காந்திருக்க முடியுமா சேர்?"

"அறிவிப்பியா?"

"கட்டாயம் சேர்."

விஜேந்திரன் கறுப்பை எட்டிப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்தது. தலையை ஆட்டிவிட்டு வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

பஹ்மா பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு கேட்டார், "அவர் யார்? நீங்க ஏற்பாடு செஞ்ச ஆளா?"

"இல்ல மிஸ். மாமா."

"எங்கட கஸ்டமர்ஸ் இதவிடக் கொஞ்சம் நல்லவங்க," என்றார் பஹ்மா. "முதலாம் திகதியிலிருந்து வேலையத் தொடங்குங்க."

பகல் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கே ஓடிப்போய்ச் சுதர்ஷினி தாயிடம் சொன்னாள். இராக்கம்மா அக்கா கூடையை இறக்காமலே நின்று அழுதார். மறுநாள் வந்த வெள்ளவத்தைக்காரருக்குத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள்.

விஜேந்திரன் என்ன சொன்னார் என்று கேட்கிறீர்களா? கறுப்பைத் திருப்பிக் கொடுக்க அவர்தான் கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வேல கெடைச்சது சந்தோஷந்தான் நானா. ஆனா ஒரு தடவ கெடைச்சத வச்சு வெள்ளை நல்லதுன்னு முடிவு கட்ட முடியாது. அவ கறுப்புல உக்காந்தும் ஒரு தடவ நேர்முகத்துக்குப் போகணும். அப்பத்தான் ஒப்பிடலாம்."

ஸாஹிர் நானா எழுந்துபோய் லுஹர் தொழுதுவிட்டு வந்தார். விஜேந்திரன் அதே இடத்தில் அதே மாதிரி இருந்தார். போன வாரம் இராக்கம்மா அக்கா மகளின் முதல் சம்பளத்தில் ஒரு கேஸ் அடுப்பு வாங்க பஜாருக்கு வந்தார். கூட யார் என்று நினைக்கிறீர்கள்? அவர்தான். "என்னங்க செய்ய, விஷயம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணுமில்ல," என்றார் அக்கா என்னிடம். அடுப்பு இன்னும் வாங்கப்படவில்லை.

சரி, கதை முடிந்தது. சுதர்ஷினி இப்போது வாசல் பக்கம் உட்கார்ந்து, நாட்டில் உள்ள கோபக்காரர்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வெள்ளை நன்றாக வேலை செய்கிறது. கறுப்பை வேறு யாரோ வாங்கிப் போனார்கள், அதுவும் நன்றாகத்தான் வேலை செய்யும். இவ்வளவும் போதும் அல்லவா உங்களுக்கு?

போதாது. எனக்குத் தெரியும். ஒரு பெண்ணின் வாழ்க்கை தப்பித்த கதையைச் சொல்லி முடித்திருக்கிறேன், உங்கள் மனம் இன்னும் அந்த மேசையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. வெள்ளைக்குள் இருந்தது எந்தக் கம்பனி? கறுப்பு எத்தனையாவது தலைமுறை? ஓடிக்கொண்டிருந்த அந்தச் சோதனை முடிந்ததா? மூடுபனியில் வைத்து, ஒரே குளிரில், ஒரே பிளக்கில் பார்த்தால் உண்மையில் எது முன்னுக்கு, எத்தனை சதவீதம்? இதற்காகத்தான் பெயர்களைச் சொல்லாமல் விட்டேன், சொல்லியிருந்தால் நீங்கள் கதையைப் பாதியில் விட்டுவிட்டு போனில் நீலக் கோடும் சிவப்புக் கோடும் தேடப் போயிருப்பீர்கள்.

என்னிடம் கேட்காதீர்கள், நான் போட்டோக்கொப்பிக்காரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதுளைக்கு வாருங்கள். விஜேந்திரனுக்குப் பக்கத்தில் ஸாஹிர் நானா இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்.